நான்கு சாம்பல்கள், ஒரு சுவர்

வெளிர் சாம்பல் அடிக்கலாம் என்ற முடிவுக்கு வீட்டில் எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். எந்த வெளிர் சாம்பல் என்று கேட்டதும்தான் பேச்சு நீள்கிறது. ஷேட் கார்டின் ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள், எல்லாம் சாம்பல். 'எல்லாம் ஒன்றுதானே, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள்' என்கிறார் ஒருவர். 'இது நீலம், அது அழுக்கு மஞ்சள், இரண்டையும் போய் ஒன்று என்கிறீர்களே' என்கிறார் மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அட்டையில் பளிச்சென்று வேறுபடும் இரண்டு சாம்பல்கள் சுவருக்குப் போனதும் ஒன்று போல ஆகிவிடுவது உண்டு. அட்டையில் பிரித்தறியவே முடியாத இரண்டில் ஒன்று அறையை இதமாக்கி, மற்றது அதே அறையை வெறிச்சென்று ஆக்கிவிடுவதும் உண்டு.

என் கட்சி இதுதான்: சாம்பலைச் சாம்பலோடு வைத்து ஒப்பிடுவது பாதி வேலைக்குத்தான் உதவும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒளிந்திருக்கும் சாயலைக் கண்டுபிடிக்க அந்த ஒப்பீடு வேண்டும். எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் கட்டத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். சுவரில் நான்கு சாம்பல்கள் அருகருகே இருக்கப்போவதில்லை. ஒன்றுதான் இருக்கும். அதன் அருகில் இருக்கப்போவது உங்கள் தரை, உங்கள் கதவு, உங்கள் விளக்கு.

பேச வசதியாக நான்கு பெயர்களை எடுத்துக்கொள்கிறேன். ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் அக்ரீயபிள் கிரே (எண் 7029), ரிபோஸ் கிரே (எண் 7015). பெஞ்சமின் மூர் நிறுவனத்தின் ரெவியர் பியூட்டர், ஸ்டோனிங்டன் கிரே. உள்அலங்காரப் பேச்சில் உலகெங்கும் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இவை. உங்களுக்குக் கிடைப்பது வேறு நிறுவனத்தின் பெயிண்டாக இருந்தாலும் கவலையில்லை. எந்தக் கார்டை எடுத்தாலும் இந்த நான்கு வகைக்கும் அண்ணன் தம்பிகள் அதில் இருப்பார்கள். வகையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

பல பெயிண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. சுவரில் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதன் கணக்கு அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. அக்ரீயபிள் கிரேவுக்கு 60, ரிபோஸ் கிரேவுக்கு 58, ஸ்டோனிங்டன் கிரேவுக்குச் சுமார் 59, ரெவியர் பியூட்டருக்குச் சுமார் 55.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு '60தான் வெளிச்சமானது, அதையே எடுத்துவிடலாம்' என்று முடிவு கட்டுபவர்களைப் பார்க்கிறேன். அவசரம் வேண்டாம். கண் ஒளியை விழுக்காட்டுக் கணக்கில் உணர்வதில்லை. ஒளிப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் கண்ணுக்கு அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்ட நடுவே நிற்கிறது. நிறவியலில் 1976 முதல் வழக்கிலுள்ள, கண் உணரும் வெளிர்மையை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோலில் போட்டுப் பார்த்தால், எல்.ஆர்.வி. 60 என்பது ஏறக்குறைய 82, 58 என்பது ஏறக்குறைய 81. ஒரே ஒரு படி. இரண்டு அட்டைகளையும் ஒட்டவைத்து உற்றுப் பார்த்தால் தெரியலாம்; தனித்தனி அறைகளில் இருந்தால் யாராலும் சொல்ல முடியாது. 55 என்றால் ஏறக்குறைய 79. அதுவும் பெரிய இறக்கம் அல்ல. ஆக, இந்த நான்கையும் வெளிச்சத்தை வைத்துத் தரம் பிரிப்பது வீண் வேலை.

எல்.ஆர்.வி. உண்மையில் உதவும் இடம் வேறு. ஷேட் கார்டில் நிறங்கள் வெளிரிலிருந்து அடர்வுக்குப் படிப்படியாக இறங்கும் பட்டைகளாக இருக்கும். ரிபோஸ் கிரே இருக்கும் பட்டையில் அடுத்த படியாக மைண்ட்ஃபுல் கிரே (எண் 7016) இருக்கிறது. அதன் எண் 48. வெளிர்மை அளவுகோலில் 75. 'ஒரு படி அடர்த்திதானே, சுவருக்கு நன்றாக எடுக்கும்' என்று தோன்றும். ஆனால் ஒளி சுவரில் ஒரு முறை பட்டு நின்றுவிடுவதில்லை. எதிர்ச் சுவருக்குப் போகிறது, அங்கிருந்து கூரைக்குப் போகிறது, திரும்புகிறது. அறையின் எல்லாப் பரப்பும் ஒரே பெயிண்ட் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 100 பங்கு ஒளி விழுந்தால், 60 உள்ள பெயிண்ட் முதல் முறை 60, இரண்டாம் முறை 36, மூன்றாம் முறை 21.6 என்று தந்துகொண்டே போகும். கூட்டினால் மொத்தம் 150. 48 உள்ள பெயிண்டில் 48, 23, 11 என்று இறங்கி மொத்தம் 92தான். விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிறம், அறைக்குள் சுற்றிவரும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. உண்மையான அறையில் வெள்ளைக் கூரையும் ஜன்னலும் இருப்பதால் இழப்பு இவ்வளவு கடுமையாக இராது. என்றாலும், பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும் அறையில் 50க்குக் கீழே இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டு பெரிய ஜன்னல் உள்ள அறையில் 48 அழகாகவே இருக்கும். அங்கே 60 சில சமயம் வெளுத்துப்போய் ஒன்றுமில்லாததுபோல் தெரியும்.

உள்ளே ஒளிந்திருப்பது

சாம்பல் பெயிண்ட் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெள்ளை அடிப்பெயிண்டில் டிண்டிங் மெஷின் சில சொட்டு நிறமிகளை விடுகிறது. கார்பன் கறுப்பை மட்டும் விட்டால் வருவது நடுநிலைச் சாம்பல் என்று நினைப்போம். வருவதோ நீலம் தட்டும் சாம்பல். அந்த நீலத்தைத் தணிக்க மஞ்சள் ஆக்சைடு சேர்ப்பார்கள். சேர்த்தால் பச்சை எட்டிப் பார்க்கும். பச்சையை அடக்கச் சிவப்பு ஆக்சைடு. அது சற்று மிஞ்சினால் இளஞ்சிவப்போ ஊதாவோ தலைகாட்டும். எல்லாச் சாம்பலும் இப்படி ஓர் இழுபறியின் முடிவுதான். எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் கார்டில் அபூர்வம்; இருந்தாலும் உங்கள் அறையின் வெளிச்சம் அதை ஏதோ ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

அக்ரீயபிள் கிரே இதமான பக்கம். அந்த நிறுவனம் கணினித் திரைக்காகத் தரும் எண்களில் சிவப்பு 209, பச்சை 203, நீலம் 193. ரிபோஸ் கிரேவுக்கு 204, 201, 192. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி முதலாவதில் 16, இரண்டாவதில் 12. இவ்வளவுதான் வித்தியாசமா என்று கேட்கத் தோன்றும். இவ்வளவுதான். ஆனால் சாம்பலில் இந்த நான்கு புள்ளிகள்தான் கதையே. ஒளி சுவருக்குச் சுவர் தாவும்போது வெளிச்சம் குறைவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு தாவலிலும் சாயல் கூடிக்கொண்டும் போகிறது. முதல் சுவரில் பட்டுச் சற்றே மஞ்சளான ஒளி அடுத்த சுவரில் பட்டு இன்னும் கொஞ்சம் மஞ்சளாகிறது. உள்ளங்கை அளவு அட்டையில் 'இதமான சாம்பல்' என்று தெரிந்த அக்ரீயபிள் கிரே, நான்கு சுவரும் மூடிய அறையில் பழுப்பு கலந்த மணல் நிறத்துக்குப் பக்கத்தில் போய்விடுவது இதனால்தான். 'சாம்பல் கேட்டேன், பிஸ்கட் நிறம் வந்திருக்கிறது' என்ற புலம்பல் பெரும்பாலும் இந்த வகையில் எழுவதே.

ரிபோஸ் கிரே அதைவிட ஒரு பிடி நிதானம். இதம் இருக்கிறது, ஆனால் சாம்பல் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. நீலம் மிகுந்த வெளிச்சத்தில் மட்டும் மெல்லிய ஊதாவைக் காட்டக்கூடும்.

ரெவியர் பியூட்டர் இதமானதுதான். ஆனால் அதன் இதம் சிவப்பை நோக்கிப் போகாமல் பச்சையை நோக்கிப் போகிறது. தனியாகப் பார்த்தால் இந்தப் பச்சையை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அக்ரீயபிள் கிரேவைப் பக்கத்தில் வைத்த உடனே தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அடர்ந்த அறையில் இந்தப் பச்சை இரட்டிப்பாகும், ஏனென்றால் இலைகளில் பட்டுத்தான் ஒளியே உள்ளே வருகிறது. சிலருக்கு அது பிடித்தமான பாசி படிந்த கல்லின் நிறம். சிலருக்குச் சோகை பிடித்த சுவர்.

ஸ்டோனிங்டன் கிரே இந்த நால்வரில் குளிர்ந்தது. நீலச் சாயல். சாம்பல் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனதில் வரும் தெளிந்த, சுத்தமான சாம்பல் இதுதான். அதனால்தான் அட்டையில் பார்க்கும்போது பெரும்பாலும் இதுவே வெல்லும். வென்ற பிறகு சுவரில் வெளிர் நீலமாக நிற்கும்போதுதான் வருத்தம் தொடங்கும்.

சாயலைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பட்டையின் அடர்ந்த முனையைப் பாருங்கள். ரிபோஸ் கிரே, மைண்ட்ஃபுல் கிரே, டோரியன் கிரே, டவ்டெய்ல், காண்ட்லெட் கிரே என்று 7015 முதல் 7019 வரை ஒரே குடும்பமாக இறங்குகிறது. கடைசியில் உள்ள காண்ட்லெட் கிரேவின் எல்.ஆர்.வி. 17. வெளிர் முனையில் வெள்ளை மறைத்துவைத்திருக்கும் சாயல் அடர் முனையில் வாயைத் திறந்து பேசிவிடும். எல்லாப் பட்டைகளும் ஒரே சூத்திரத்தின் அடர்வு வரிசை அல்ல என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். முதல் வடிகட்டலுக்கு நல்ல உபாயம். இன்னொன்று, அச்சுத் தாள் போன்ற வெள்ளைத் தாளில் அட்டையை வைத்துப் பார்ப்பது. கார்டில் மற்ற சாம்பல்களுக்கு நடுவே இருக்கும்போது ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்துக்கு எதிர்ச்சாயலை வாங்கிக்கொள்கிறது. வெள்ளைத் தாளில் அந்தத் தொல்லை குறைவு.

இந்த எதிர்ச்சாயல் விவகாரம் புதிதல்ல. பிரான்ஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. அருகில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை அவர் 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். சாம்பல் இந்த விளையாட்டுக்கு எல்லா நிறங்களைவிடவும் எளிதாக மசியும். தனக்கென்று வலுவான நிறம் இல்லாததால், பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கு எதிரானதை உடனே உடுத்திக்கொள்கிறது.

விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள்

பெயிண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பல்பு வாங்குவது தலைகீழ் வேலை. பல்பின் அட்டைப்பெட்டியில் ஓர் எண் இருக்கும்: 2700, 3000, 4000, 6500 கெல்வின். முதல் இரண்டும் மஞ்சள் வெளிச்சம், நடுவில் இருப்பது இடைநிலை, 6500 என்பது நீலம் கலந்த வெள்ளை. இந்த எண் மாறினால் நால்வரின் குணமும் மாறுகிறது.

6500 பல்புகள் எரியும் அறையில் ஸ்டோனிங்டன் கிரேவைப் போட்டால் இரவில் மருத்துவமனை வராந்தாதான். ரிபோஸ் கிரேவும் அங்கே ஊதா பக்கம் நழுவலாம். அக்ரீயபிள் கிரே அந்த வெளிச்சத்தில்தான் சாம்பலாகத் தெரியும். அதன் மஞ்சளை விளக்கின் நீலம் தின்றுவிடும். 2700 பல்புகளில் எல்லாம் தலைகீழ். அக்ரீயபிள் கிரே மணலாகிவிடும், ஸ்டோனிங்டன் கிரே நீலத்தை இழந்து சாதுவான சாம்பலாகிவிடும். ரெவியர் பியூட்டரின் பச்சை மஞ்சள் வெளிச்சத்தில் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்; மட்டமான எல்.இ.டி.யில்தான் துருத்திக்கொண்டு வரும்.

மட்டமான எல்.இ.டி. என்பதற்கும் ஓர் எண் உண்டு. சி.ஆர்.ஐ. என்று போட்டிருப்பார்கள்; பொருள்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. 80 என்பது சாதாரணம். 90க்கு மேல் நல்லது. இந்தச் சராசரியை எட்டு மங்கலான நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அடர்சிவப்பு அதில் சேர்வதில்லை. அதனால் 80 எடுத்த பல்பு சிவப்பைக் கோட்டைவிட்டிருக்கலாம். சிவப்பு குறைந்த ஒளியில் சிவப்பு ஆக்சைடை நம்பி இதமாக்கப்பட்ட சாம்பல் பச்சையாகத் திரும்பினால் பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பல்பை மாற்றினாலே சுவர் சரியாகிவிடும்; பெயிண்டை மாற்றுவதைவிட அது மலிவும்கூட.

இங்கேதான் 'அந்த நிறுவனத்தின் நிறத்தை இந்த நிறுவனத்தில் கலந்து தாருங்கள்' என்று கேட்பதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். கடையின் கருவி அட்டையை அளந்து வேறு நிறமிகளைக் கொண்டு அதே நிறத்தை உண்டாக்கும். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தும். வேறு வெளிச்சத்தில் பிரிந்துபோகும். நிறமிகள் வேறு என்பதால் அவை ஒளியின் வெவ்வேறு பகுதிகளை விழுங்குகின்றன. மெட்டாமெரிசம் என்று இதைச் சொல்கிறார்கள். அடர்சிவப்பிலோ மஞ்சளிலோ இந்தச் சிறு பிசகு கண்ணில் படாது, சாம்பலில் பட்டுவிடும். ஒரே அறையில் ஒரு சுவருக்கு அசல், மறு சுவருக்கு நகல் என்று மட்டும் போய்விடாதீர்கள்.

பகல் வெளிச்சத்தைப் பற்றி ஆங்கில அலங்காரப் புத்தகங்கள் சொல்லும் 'வடக்கு ஜன்னலுக்கு இதமான சாம்பல், தெற்கு ஜன்னலுக்குக் குளிர்ந்த சாம்பல்' என்ற விதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்கள் எழுதியது. தெற்குக் கோளத்தில் அது தலைகீழ். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் வாழ்பவர்களுக்கோ நண்பகல் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மறு பகுதியில் தெற்கேயும் நிற்கிறது. திசையை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜன்னல் வழியே வெயில் நேராக உள்ளே விழுகிறதா? விழவில்லை என்றால் உள்ளே வருவது வானத்தின் ஒளி, அது நீலம். அங்கே குளிர்ந்த சாம்பல் இன்னும் குளிரும். எதிர்க் கட்டடத்தின் சுவரில் பட்டு வெளிச்சம் வந்தால் அந்தச் சுவரின் நிறமும் சேர்ந்தே வரும். எதிரே செங்கல் சுவர் இருந்தால் ஸ்டோனிங்டன் கிரேகூட இதமாகிவிடும். நீலக் கண்ணாடிக் கட்டடம் இருந்தால் அக்ரீயபிள் கிரேவே மேல்.

மாற்ற முடியாதவற்றின் பட்டியல்

பெயிண்டை ஐந்தாறு ஆண்டில் மாற்றலாம். தரையை மாற்ற முடியாது. கிரானைட் மேடையையும் கதவையும் அவ்வளவு லேசில் மாற்ற மாட்டீர்கள். ஆகவே சாம்பல் இவற்றோடுதான் ஒத்துப்போக வேண்டும்.

செம்மண் நிறமோ ஆரஞ்சு கலந்த மரமோ தரையாக இருந்தால், அதன் எதிர்ச்சாயலான நீலம் சுவரில் ஏறும். ஸ்டோனிங்டன் கிரே அங்கே நேரடி நீலமாகத் தெரியும். ஓரளவு எதிர்பார்த்துச் செய்தால் அது நன்றாகவே இருக்கும். சாம்பல் என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம். இந்தத் தரைக்கு ரிபோஸ் கிரே எனக்குப் பிடித்த பதில். அக்ரீயபிள் கிரேவும் பொருந்தும், ஆனால் தரை, கதவு, சுவர் எல்லாம் ஒரே பழுப்பில் கரைந்து அறை சோம்பிப்போகும்.

இளஞ்சிவப்புத் தட்டும் பழுப்பு டைல்ஸ்தான் பலர் வீட்டுப் பிரச்சினை. டைல்ஸில் இளஞ்சிவப்பு இருப்பதே சுவர் வெள்ளையாக இருந்தவரை தெரிந்திராது. ரெவியர் பியூட்டர் ஏறிய மறுநாள் தெரியும். பச்சைச் சாயல் தரையின் சிவப்பை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். இந்தத் தரைக்கு ரெவியர் பியூட்டர் வகையை நான் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவேன். சிவப்புப் பக்கம் சாயும் இதமான சாம்பல்தான் சரி. அக்ரீயபிள் கிரே இங்கே ஜெயிக்கிறது. ஃபாரோ அண்ட் பால் நிறுவனத்தின் எலிஃபன்ட்ஸ் பிரெத் போல மெஜந்தா கலந்த சாம்பலும் இந்தத் தரையோடு ஒட்டும். ஆனால் நீல வெளிச்சத்தில் அது ஊதாவாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீலமோ கறுப்போ கலந்த கல் தரை, வெண்பளிங்கு, சாம்பல் டைல்ஸ் என்றால் ஸ்டோனிங்டன் கிரே இயல்பாகப் பொருந்தும். அங்கே அக்ரீயபிள் கிரே மஞ்சளாக, கழுவாத சுவர் போலத் தெரிய வாய்ப்புண்டு.

கூரையும் கதவு நிலையும் வெள்ளை என்றால், எந்த வெள்ளை என்பதையும் கேட்க வேண்டும். வெள்ளையிலும் நீலம் கலந்தது உண்டு, மஞ்சள் கலந்தது உண்டு. நீல வெள்ளைக் கூரைக்குக் கீழே இதமான சாம்பல் அழுக்காகத் தெரியும். மஞ்சள் வெள்ளைக்குப் பக்கத்தில் குளிர்ந்த சாம்பல் நின்றால், அழுக்காகத் தெரிவது வெள்ளை. சாம்பல் மேல் வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் பக்கத்தில் உள்ள வெள்ளையின் மேல் வர வேண்டியவை.

சோதிக்கும் முறை

திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைப்பேசிக் கேமரா தானாகவே நிறத்தைச் சமன் செய்கிறது. சுவர் சாம்பலாக இருந்தால் அதைத்தான் முதலில் திருத்தும். இணையத்தில் ஒரே பெயிண்டின் நூறு படங்கள் நூறு நிறத்தில் இருப்பது அதனால்தான்.

சுவரிலேயே நான்கு திட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்ப்பது எல்லோரும் செய்வது, எனக்கு உடன்பாடில்லை. பழைய சுவர் வெளிர் மஞ்சள் என்றால், அதன் நடுவே பூசிய எந்தச் சாம்பலும் நீலமாகவோ ஊதாவாகவோதான் தெரியும். நால்வரில் மிகவும் மஞ்சளானதைப் பார்த்து 'இதுதான் சரியான சாம்பல்' என்று எடுத்துவிடுவோம். மஞ்சள் சுவர் மறைந்து நான்கு பக்கமும் அதே பெயிண்ட் ஏறியதும் பிஸ்கட் நிறம் பல்லிளிக்கும்.

அதற்குப் பதில், கைக்கு அடக்கமான கெட்டி அட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை விளிம்புவரை இரண்டு கோட் பூசுங்கள். வெள்ளை ஓரம் விடாதீர்கள். வெள்ளைக்கு நடுவே சாம்பல் அடர்ந்து தெரியும். நன்றாகக் காயவிடுங்கள், எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறியிருக்கும், காய்ந்ததும் ஒரு மாற்று அடர்வாகும். பிறகு நான்கையும் ஒன்றாக வைத்து ஒரு முறை பாருங்கள். சாயல் புரிந்துவிடும். அதன் பிறகு மூன்றை அறைக்கு வெளியே கொண்டுபோய்விட்டு ஒன்றை மட்டும் சுவரில், தரையோடு சேரும் இடத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். தரையில் படுக்கவைத்துப் பார்த்தால் கூரை விளக்கின் ஒளி நேராக விழுந்து வெளிறிக் காட்டும். காலையில், மதியத்தில், விளக்குப் போட்ட பிறகு என்று பாருங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு முறை, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முறை, இருண்ட மூலையில் ஒரு முறை. மறுநாள் அடுத்த அட்டை.

அறையை அதிகம் பயன்படுத்தும் நேரத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். இரவில் மட்டும் புழங்கும் படுக்கை அறை மதியம் எப்படித் தெரிகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இத்தனையும் பார்த்து, இரண்டு சாம்பல்கள் எல்லா வெளிச்சத்திலும் தரையோடு ஒத்துப்போகின்றன என்றால், அவற்றில் எதை எடுத்தாலும் தவறாகாது. எளிதில் கிடைப்பதை எடுத்துவிடலாம். வெளிச்சம் பற்றி ஒன்றும் தெரியாமல், தரை பற்றி ஒன்றும் தெரியாமல் நால்வரில் ஒருவரைச் சொல்லச் சொன்னால் ரிபோஸ் கிரே வகையைச் சொல்வேன். எதிலும் முதலிடம் பெறாது. எந்த அறையிலும் பெரிதாகக் கெடுக்கவும் செய்யாது. ஸ்டோனிங்டன் கிரே வகையை அட்டையில் பிடித்துவிட்டது என்பதற்காக மட்டும் எடுப்பதைத்தான் தடுப்பேன். அதற்கு வெயில் விழும் ஜன்னலோ மஞ்சள் பல்போ, இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

பூசும் முன்

சாம்பல் முடிவான பிறகும் பளபளப்பு என்று ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரே நிறத்தை மேட் (பளபளப்பில்லாதது), சாட்டின் (மிதமாகப் பளபளப்பது) என்ற இரண்டு வகையிலும் வாங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியாது. மேட் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துச் சற்று வெளிறிக் காட்டும். சாட்டின் ஒரு கோணத்தில் ஜன்னலைப் பிரதிபலிக்கும், மற்றக் கோணங்களில் அடர்ந்து தெரியும். பட்டி பார்த்த சுவரில் மேடுபள்ளம் இருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவருக்குச் சாட்டின் வேண்டாம். ரோலர் போன தடம் உட்படக் காட்டிக்கொடுக்கும். எந்தப் பளபளப்பை வாங்கப்போகிறீர்களோ அதிலேயே சோதனை அட்டையையும் பூசுங்கள்.

'அதே நிறத்தைப் பாதி அடர்வில் கலந்து தாருங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. வெளிர் சாம்பலில் நிறமியே சில சொட்டுகள்தான். அதைப் பாதியாக்கும்போது ஒரு நிறமியின் அளவு சற்றே பிசகினாலும் சாயல் திரும்பிவிடும். பிறகு அதே நிறத்தை மறுபடி வரவழைப்பதும் பெரும்பாடு. கார்டில் ஒரு படி வெளிறியதைத் தேடுவதே மேல்.

இதே காரணத்தால் ஒரு அறைக்குத் தேவையான பெயிண்டை ஒரே நேரத்தில் வாங்குங்கள். டின்னுக்கு டின் நூலளவு வேறுபாடு இருக்கும். பெரிய வாளியில் எல்லா டின்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத் தொடங்கும்படி பெயிண்டரிடம் சொல்லுங்கள். முடியாவிட்டால் புது டின்னைச் சுவரின் நடுவில் தொடங்காமல் மூலையில் தொடங்கட்டும். இரண்டு சுவர்களில் ஒளி வெவ்வேறாக விழுவதால் மூலையில் பேதம் தெரியாது. டின் மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். மீந்த பெயிண்டைச் சிறு டப்பாவில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி வைத்தால், பின்னால் ஆணி அடித்த ஓட்டையை அடைக்கும்போது உதவும். ஓட்டை கண் மட்டத்தில் இருந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டு வைக்காமல், மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை முழுதாக ஒரு கோட் ஓட்டிவிடுவது நல்லது.